மாடித் தொட்டியில் ஒரு தடியன்

மூலக்குளத்து வீட்டு மொட்டைமாடியில் தல்ஹா இரண்டு சிமெண்டுத் தொட்டிகளில் மஞ்சள் கலர் மீன் வளர்த்துக் கடைக்குக் கொடுத்துவந்தார். மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மனைவி ஜஹபர் நிஷா நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தாள். கெடு முடியும்வரை வாசல்படி தாண்டக் கூடாது, மாடிக்குப் போகலாம். மீனுக்கு யாராவது தீவனம் போட வேண்டும், போட்டாள். அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அதை அவள் காதுபடவே பேசினார்கள்.

கொழுந்தன் அன்வருதீன் பாதிப் படியில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு அண்ணன் மனைவியிடம் பேசினார்.

"மச்சி, தொட்டிய இடிச்சுட்டு ஒரு ரூம் போட்டுடலாம். வாடகை வரும். கொசு கணக்கா கெடக்குற மீன வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"கடைக்காரரு வந்து பாக்கட்டும் தம்பி. விரல் நீளம் இருந்தா எடுத்துக்குவாரு. வேணாம்னுட்டா இடிச்சுக்குங்க."

தொட்டி போனால் அவளுக்கென்று வரும்படி கிடையாது. சோற்றுக்கு அன்வருதீன் கையைத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் வளரவில்லை என்று நின்று பார்த்தாள். தொட்டிக்கு ஒன்று மட்டும் தடித்திருந்தது. உள்ளே கிடந்த உடைந்த ஓட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு, தீவனம் விழும் மூலைக்கு வந்ததையெல்லாம் விரட்டியது. மற்றவை சுவரோரம் ஒண்டின, பயத்திலேயே மெலிந்தன. ஒரு தொட்டியின் தடியனைப் பிடித்து வாளியில் போட்டாள். மறுநாள் இன்னொன்று அதே ஓட்டடியில் நின்று விரட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தொட்டியைக் கழுவுவதற்காக, அதிலிருந்ததையும் வாளியிலிருந்ததையும் பக்கத்துத் தொட்டியில் கொட்டினாள். கழுவிவிட்டுக் கீழே போய்ப் படுத்தாள். திருப்பி விட மறந்துபோனாள். அடுப்பில் வைத்த பாலைக்கூட அப்போதெல்லாம் மறந்துகொண்டிருந்தாள்.

காலையில் ஒரே தொட்டியில் அத்தனையும் நெரிந்தன. தடியனுக்கு எதை விரட்டுவதென்று தெரியவில்லை; ஒன்றை முட்டப் போனால் நாலு குறுக்கே வந்தன. தீவனத்தைத் தொட்டி முழுக்க விசிறினாள். எல்லாம் தின்றன.

அப்படியே விட்டாள். நெருக்கத்தில் தண்ணீர் சீக்கிரம் கெடும். தினமும் குடம் குடமாக மாற்றினாள். கை காய்த்தது.

இத்தா முடியும் தறுவாயில் கடைக்காரர் பிரேம்குமாரை அன்வருதீன் மாடிக்குக் கூட்டிப்போனார். நிஷா கீழே கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"என்ன பாய், அச்சுல வார்த்த மாதிரி எல்லாம் விரல் நீளத்துக்கு ஒரே அளவா இருக்கு! மொத்தத்தையும் எடுத்துக்குறேன். அடுத்தது எப்போ?"

அன்வருதீன் படியிறங்கி வந்தார்.

"மச்சி, அடுத்தது எப்போன்னு கேக்குறாரு."

"ரம்ஜானுக்கு முன்னாடின்னு சொல்லுங்க தம்பி."

இடிக்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை. சந்தோஷம் வருமோ என்று நிஷா சற்று நின்று பார்த்தாள். வரவில்லை. அரிசி களையப் போனாள்.