சுவரைப் பார்த்த நாற்காலி

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கொதி என்று ஒன்று உண்டு. மார்த்தாண்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் பசியோடு பார்த்துவிட்டால், சாப்பிட்டவருக்கு வயிறு வலிக்கும். கொதி விழுந்துவிட்டது என்பார்கள். பிறகு உப்பும் மிளகாயும் எடுத்து ஓதி அடுப்பில் போட வேண்டும். பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால் எங்கள் வீட்டில் பிள்ளைகளை உள்ளறையில் சுவரைப் பார்க்க உட்காரவைத்துத்தான் சோறு கொடுப்பார்கள். நானும் அப்படிச் சுவரைப் பார்த்துத் தின்று வளர்ந்தவன்தான். பின்னால் இன்ஜினியரிங் படித்து, கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், கொதியாவது மண்ணாவது என்று நண்பர்களிடம் சிரித்துமிருக்கிறேன். ஆனால் மகளுக்கென்று கைவைத்த உயர நாற்காலி ஒன்றை வாங்கி வந்த அன்று, யாரும் சொல்லாமலே அதைச் சுவரைப் பார்த்துத்தான் போட்டேன்.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் ஹைவேயை ஒட்டிய ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். நாங்கள் என்றால் நானும் மகளும். மனைவி நர்ஸ். மகளுக்கு முன்பல் எட்டிப் பார்த்த சமயத்தில் அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். எங்கள் இருவருக்கும் விசா வர ஒரு வருஷமாவது ஆகும் என்றார்கள். எனக்கு வேலை மதியத்துக்கு மேல், அதுவும் வீட்டிலிருந்தபடியே. மதியம் ஒரு சேச்சி சாப்பிட்டுவிட்டு வந்து ராத்திரி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். காலை நேரம் முழுக்க நாங்கள் இரண்டு பேர்தான். மார்த்தாண்டம் ஒன்றும் கண்காணாத தூரமில்லை, பஸ் ஏறினால் வந்துவிடும். ஆனாலும் அந்தக் கட்டடத்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது. லிஃப்டில் வருகிறவர்கள் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு 'மோளே' என்பார்கள். என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அதோடு சரி.

அம்மா விமானம் ஏறியதும் மகள் வாயை மூடிக்கொண்டாள். ஸ்பூனைக் கண்டாலே உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிவிடுவாள். நான் ஊட்டினாலும் அதே கதை, சேச்சி ஊட்டினாலும் அதே கதை. பால் மட்டும் குடிப்பாள். ஒரு வயது தாண்டிய பிள்ளை பாலில் மட்டும் எத்தனை நாள் ஓடும்? டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையே என்று மலையாளத்தில் வருத்தப்பட்டார். ஸ்பூனைத் தூர வையுங்கள், கையில் எடுத்துத் தின்கிற மாதிரி கொடுங்கள், அவளே தின்னட்டும் என்றார். எல்லாம் விரல் நீளத்துக்கு இருக்க வேண்டும், இரண்டு விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். அடுத்த மாசம் திரும்ப எடை பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்.

இதை அக்காவிடம் போனில் சொன்னதுதான் நான் செய்த புத்திசாலித்தனம். அக்கா மார்த்தாண்டத்தில் இருக்கிறாள். அவள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டில் ஆள் உண்டு, மாடு உண்டு.

"லே, பிள்ளைய எனக்கிட்ட தா. ஒனக்க கையில கெடந்து அது ஈர்க்கிலு மாதிரி ஆயிட்டு. அடுத்த எடையும் ஏறலண்ணா நான் வந்து கொண்டு போயிருவேன், கேட்டியா?"

மனைவியிடம் சொன்னேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ, மைனி, அதாவது என் அக்கா, சொல்வதுதான் சரி என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் சரியாகத்தான் சொல்கிறாள் என்பதும் தெரிந்தது. பிள்ளை மெலிவதைப் பார்த்துக்கொண்டு என் பிள்ளை என்று பிடித்துவைத்திருக்க நான் யார்? அதே சமயம், மகளும் போய்விட்டால் அந்த ஃபிளாட்டில் நான் வாயைத் திறந்து பேச ஒரு ஜீவன் கிடையாது. அவள் என்னிடம் பேசியதே 'ப்பா', 'ந்தா' என்ற இரண்டு சொல்தான். அந்த இரண்டையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அப்புறம் ஆரம்பித்தது என் சமையல். ஏத்தம்பழத்தை, வெளியூர்க்காரர்கள் நேந்திரம் என்பார்களே அதை, இட்லிச் சட்டியில் தோலோடு அவித்து நீளவாக்கில் வகுந்தேன். வழுக்கிக்கொண்டு போகாமலிருக்க அடிப்பக்கம் கொஞ்சம் தோலை விட்டால் பிள்ளைக்குப் பிடிக்க வசதி என்று நானே கண்டுபிடித்தேன். திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஒரு தமிழர் கடையில் ராகி வாங்கி, கழுவிக் காயவைத்துத் திரித்து, முட்டை கலந்து மெத்தென்று தோசை சுட்டு நாடா நாடாவாகக் கீறினேன். இட்லியைச் செங்கல் மாதிரி அறுத்து நெய் தடவினேன். மஞ்சள் பூசணியை வேகவைத்தால் ஒரு நாள் கல், மறுநாள் கூழ். பதம் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த நாள் காலைக்கு என்ன என்று யோசித்துக்கொண்டே ஆபீஸ் மீட்டிங்கில் தலையாட்டியிருக்கிறேன். தட்டில் மஞ்சளும் வெள்ளையும் காப்பி நிறமுமாக அடுக்கிவைத்தால், எனக்கே ஒன்றை எடுத்து வாயில் போடலாம் போலிருக்கும்.

மகாராணி ஒவ்வொன்றாக எடுப்பாள். சுவரில் தேய்ப்பாள். கீழே போடுவாள். விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

நான் அவள் பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பேன். காலையில் எழுந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டேன், வயிறு காந்தும். அந்த வயிற்றோடு பிள்ளை தின்பதைப் பார்க்கலாமா? ஆகவே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, காதை மட்டும் அவளிடம் வைத்திருப்பேன். சொத்தென்று விழுந்தால் பழம், சத்தமில்லாமல் விழுந்தால் தோசை. அவள் தட்டு காலியானதும் தரையைத் துடைத்து, அவளைக் கழுவி, பாலைக் கொடுத்துத் தூங்கவைப்பேன். பிறகு மிஞ்சியதையும் உடைந்ததையும் அடுக்களையில் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நின்றபடி தின்பேன். அதுவும் சுவரைப் பார்த்துத்தான். தொட்டிக்கு எதிரே சுவர்தானே இருக்கும். வெளியே ஹைவேயில் ஊர் உலகமெல்லாம் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மனைவி அழைப்பதும் அந்தக் காலை நேரத்தில்தான். அங்கே அது நடுராத்திரி, நைட் டியூட்டியில் அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை. வீடியோவில் மகளைக் கொஞ்சுவாள், பாடுவாள். நான் தட்டைக் கொண்டுவந்து வைத்தவுடன், சரி நீங்க குடுங்க, நான் வைக்கிறேன் என்று பட்டென்று வைத்துவிடுவாள். ஒரு நாள்கூட இருந்து பார்த்ததில்லை. இங்கே ஒருவன் தலைகீழாக நின்று சமைக்கிறானே, அதைப் பார்க்கவாவது இரண்டு நிமிஷம் இருந்தால் என்ன என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அவளிடம் கேட்டதில்லை. தூரத்தில் இருக்கிறவளோடு சண்டை போட்டால் சமாதானமாக நாலு நாள் ஆகும்.

ஜூன் மழை பிடித்த வாரத்தில் அந்தச் சுவர் ஊறத் தொடங்கியது. மேல் வீட்டுக் குளியலறைக் குழாய் எங்கோ கசிகிறது. சுண்ணாம்பு பெயர்ந்து மகளின் தட்டிலேயே விழுந்தது. பிளம்பர் வந்து சுவரை உடைத்துப் போட்டுவிட்டு, சாமான் வாங்கிவருகிறேன் என்று போனவர்தான், இரண்டு நாளாக ஆளைக் காணோம். வேறு சுவரோரம் எதிலும் இடமில்லை. ஃபிளாட் என்று பெயர், திரும்பினால் முட்டும். வேறு வழியில்லாமல் நாற்காலியை இழுத்துச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் போட்டேன். அவள் என்னைப் பார்க்க உட்கார்ந்தாள். இப்போது நான் எங்கே முகத்தைத் திருப்புவது? பசித்த கண்ணால் அவளைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதானே. நான் முதலில் தின்றுவிட்டால் பசி போய்விடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். அவளுக்கு வைத்த ஏத்தம்பழத்தில் ஒரு துண்டை எடுத்து அவள் எதிரிலேயே வாயில் வைத்தேன்.

அவள் அசையாமல் என் வாயைப் பார்த்தாள். மென்றேன், அதைப் பார்த்தாள். விழுங்கினேன், தொண்டையைப் பார்த்தாள். என்ன இது, எனக்குக் கொதி விழப்போகிறது என்று நினைத்தேன். அப்போது அவள் கை தட்டுக்குப் போயிற்று. ஒரு துண்டை எடுத்தாள். கீழே போடப்போகிறாள் என்று நான் துணியை எடுத்துவிட்டேன். அவள் அதை வாயில் வைத்து, என் தாடை அசைகிற மாதிரியே தன் தாடையை அசைத்தாள். விழுங்கிவிட்டு, அடுத்து என்ன என்பது போல என்னைப் பார்த்தாள். நான் அவசரமாக ஒரு துண்டு இட்லியை எடுத்தேன். அவளும் இட்லியை எடுத்தாள்.

பிள்ளை பிறந்து இத்தனை மாசத்தில் ஒரு மனிதன் சாப்பிடுவதை அவள் பார்த்ததே இல்லை. தின்பது என்றால் என்னவென்று அவளுக்கு யார் காட்டினார்கள்? அவள் அம்மா இங்கே இருந்தவரையும் அப்படித்தான். நாங்கள் இருவரும் அவள் தூங்கிய பிறகு, ஆளுக்கொரு நேரத்தில் தின்றோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதிரே ஒரு முகம் இருக்க உட்கார்ந்து சாப்பிட்டு எனக்கும் எத்தனையோ மாசம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து இரண்டு தட்டு. இரண்டிலும் ஒரே சாமான், ஒரே நீளம். நான் ஆறடி ஆள், விரல் நீளத் தோசையை இரண்டு விரலால் எடுத்து எடுத்துத் தின்றேன். நான் எதை எடுக்கிறேனோ அதையே எடுப்பாள். பூசணி எனக்கு ஆகவே ஆகாது. அவளுக்காக முகம் சுளிக்காமல் தின்றேன். பிளம்பர் வந்து சுவரைப் பூசிவிட்டுப் போனார். நாற்காலி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

எடை பார்க்கிற நாளில் அக்கா காலை பஸ்ஸில் வந்துவிட்டாள், பிள்ளையின் துணிக்கென்று ஒரு காலிப் பையோடு. உள்ளே நுழைந்ததும் நாற்காலியைத்தான் பார்த்தாள். வாசலுக்கு நேரே, மேசையோரம், எல்லார் கண்ணும் விழுகிற இடத்தில். ஒனக்கு மூளை உண்டா என்று கேட்டு, தானே அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். நான் மகளை அதில் உட்காரவைத்துத் தட்டை வைத்தேன். மகள் ஒரு துண்டை எடுத்தாள், சுவரைப் பார்த்தாள், கீழே போட்டாள். பிறகு கழுத்தை ஒடிய ஒடியத் திருப்பி என்னைத் தேடினாள். நான் நாற்காலியைத் திரும்ப இழுத்துப் போட்டு, அக்காவுக்கும் ஒரு தட்டு வைத்தேன். எனக்கெதுக்கு இந்தப் பிள்ளைத் தீனி என்று முனகிக்கொண்டே அக்கா உட்கார்ந்தாள். மகள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துத் தட்டைக் காலி செய்தாள். அக்கா அதன் பிறகு கொதியைப் பற்றிப் பேசவில்லை. டாக்டரம்மா எடையைப் பார்த்துச் சிரித்தார். சாயங்கால பஸ்ஸில் அக்கா அந்தப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மனைவி அழைத்தாள். எல்லாம் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். நான் இரண்டு தட்டையும் கொண்டுவந்து வைத்தேன். அவள் வழக்கம்போல, சரி வைக்கிறேன் என்றாள். இந்தத் தடவை விடவில்லை. பிள்ளை தின்பதைப் பார்க்க உனக்கு ஆசையே இல்லையா என்று கேட்டேவிட்டேன். அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் பாக்கக்கூடாதுங்க. அவளப் பாத்துப் பாத்து ஏங்கிக் கெடக்கது நான்தான? எனக்க கண்ணுதான் மொதல்ல விழும்."

இத்தனை மாசமும் நான் அவளுக்கு மனசில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தின்கிறவர்கள் கண்ணில் கொதி கிடையாது, நீயும் உன் சாப்பாட்டை எடு என்றேன். அப்படியொரு விதி எங்கள் ஊரில் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவள் போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே இரண்டு ரொட்டித் துண்டுகள். அவள் அந்த ரொட்டியை விரல் நீளத்துக்குப் பிய்த்தாள். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து மகளுக்கு எதிரே வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். மனைவி மென்றுகொண்டே அழுதாள். மகள் அதையும் பார்த்துக்கொண்டே தின்றாள்.

இடைவேளை முடிந்து அவள் போனாள். அதற்கு முன்னால் மகள் தன் பழத்துண்டை அம்மா வாயில் வைக்கப் பார்த்து, திரை முழுக்க அப்பிவிட்டாள். போனைத் துடைக்கத் துணியை எடுத்தேன். பிறகு துணியை அப்படியே வைத்துவிட்டேன். சாயங்காலம் வரை, ஆபீஸிலிருந்து யார் அழைத்தாலும், அந்தப் பழக்கறையின் மேல் விரல் படாமல் ஓரமாகத் தொட்டுத்தான் போனை எடுத்தேன்.