அறுபத்தைந்தாம் படம்

டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஸ்டுடியோவில் படம் எடுப்பவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் அண்ணி ஒரே ஒருத்திக்குத்தான். உள் அறையில் உட்கார்ந்து படங்களைத் தேர்ந்தெடுக்கும் நாத்தனாருக்கு. அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கீழே டயர் மாட்டுகிறவர் முதல் கூரியர்காரர் வரை அப்படியே பழகிவிட்டார்கள். ஒருத்திக்குக் கணவரும் இன்னொருத்திக்கு அண்ணனுமான மனிதர் பஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஸ்டுடியோ விஷயத்தில் வாயே திறக்க மாட்டார். புத்திசாலி.

சட்டி, செருப்பு, பூட்டு, பொம்மை என்று விற்பனைச் சாமான்களைக் கேட்லாக்குக்குப் படம் எடுப்பதுதான் தொழில். கேமராவிலிருந்து ஒரு வயர் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டருக்குப் போகும். எடுக்க எடுக்கப் படம் அதில் வந்து விழும். முன்பு அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. படம் எடுக்கக் கொடுத்த பார்ட்டிகள் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்து, கொஞ்சம் இப்படித் திருப்புங்க, அப்படித் திருப்புங்க என்று யோசனை சொல்வார்கள். ஒருநாள் அண்ணி, "நீங்களே எடுத்துக்குங்க" என்று கேமராவை ஒரு செருப்புக் கம்பெனிக்காரர் கையில் திணித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

அந்த வாரமே நாத்தனார் உள் அறையில் இரண்டாவது கம்ப்யூட்டரைப் போட்டு, படம் விழும் அதே ஃபோல்டர் அங்கேயும் தெரியும்படி இரண்டையும் இணைத்தாள். பார்ட்டிகளுக்கு உள்ளே நாற்காலி கிடைத்தது, அண்ணிக்கு வெளியே நிம்மதி கிடைத்தது. நல்ல படத்துக்குப் பச்சை, ஆகாததற்குச் சிவப்பு என்று நாத்தனார் குறி வைப்பாள். அண்ணி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: உள்ளே இருப்பவர் குறி வைக்கலாம், படத்தில் கை வைக்கக் கூடாது. சமீபகாலமாகச் சிவப்பு குறைந்துவிட்டதில் அண்ணிக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

பொம்மைக் கம்பெனி வேலை பாதி முடிந்திருந்த சமயம், நாத்தனார் பல் பிடுங்கப் போயிருந்தாள். ஏதோ ஒரு படம் கேட்டு போன் வரவே, அண்ணி உள் அறையில் போய் உட்கார்ந்தாள். படங்களின் எண்கள் இடையிடையே தாவின. அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு, அடுத்து அறுபத்தேழு. பிறகு எழுபது.

வயர்தான் காலை வாருகிறது என்று நினைத்து, அதை நன்றாகத் திட்டிவிட்டுப் புது வயர் மாட்டினாள். பத்துப் படம் எடுத்தாள். பத்தும் வந்து சேர்ந்தன. பழையதை மாட்டியும் பத்து எடுத்தாள். அவையும் வந்தன. வயர் மேல் தப்பில்லை. அறுபத்தைந்து என்று தேடச் சொன்னாள். கம்ப்யூட்டர் அவளை 'மளிகை லிஸ்ட்' என்ற ஃபோல்டருக்குக் கொண்டுபோய் விட்டது.

உள்ளே ஒரு பருப்பும் இல்லை. இருநூற்றுப் பதினான்கு படங்கள் இருந்தன. எல்லாம் அவள் எடுத்தவை. எல்லாம் கேமரா ஆடி மங்கலாகிப்போனவை.

அண்ணி வலது கையை மேஜை மேல் நீட்டிப் பார்த்தாள். விரல்கள் லேசாக நடுங்கின. முதலில் அவமானமாக இருந்தது, பிறகுதான் கோபம் வந்தது. கேமராவை நிறுத்தும் ஸ்டாண்டு என்றாலே ஆகாது அவளுக்கு. முப்பது வருஷமாகக் கையில் பிடித்தே எடுத்துப் பெயர் வாங்கியவள். அந்தக் கை போய்விட்டால் தனக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்ததும் பயமும் வந்துவிட்டது.

நாத்தனார் வாயில் பஞ்சோடு வந்து சேர்ந்தாள். திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"எத்தனை நாளா?" என்றாள் அண்ணி.

"ரெண்டு மாசமா அண்ணி. பார்ட்டி கண்ணுல படறதுக்குள்ள நகர்த்திடுவேன். அழிக்க மனசு வரல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

நாத்தனார் பஞ்சைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். "நீங்க சொன்னீங்களா? டீ டம்ளரை ரெண்டு கையால பிடிக்கிறீங்க. நான் பார்க்கலன்னு நினைப்பா?"

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்தாள். "நாளைக்குப் பொம்மைக்காரர் வர்றார். இன்னும் நாப்பது பொம்மை இருக்கு. வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடு."

"ஸ்டாண்டுல மாட்டிடலாம் அண்ணி. நான் உள்ள கம்ப்யூட்டர்லேருந்தே அழுத்துறேன். நீங்க பொம்மை பக்கத்துல நின்னு குரல் கொடுத்தா போதும்."

"அப்ப படம் எடுக்கிறது நீயா, நானா?"

"வாத்து பொம்மை எந்தப் பக்கம் பார்த்து உட்காரணும், வெளிச்சம் எங்க விழணும்னு எனக்குத் தெரியுமா? எனக்கு அழுத்தத்தான் தெரியும். அப்புறம், இந்த வாரம் டாக்டர்கிட்ட போறோம். அதுக்கும் சண்டை போடணும்னா இப்பவே போட்டுடுங்க."

அண்ணி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை நாத்தனார் வந்தபோது, பரணில் கிடந்த ஸ்டாண்டு துடைக்கப்பட்டு நடுவில் நின்றது.

"ஒரு கண்டிஷன்," என்றாள் அண்ணி. "ஒரு நம்பர்கூடக் காணாமப் போகக் கூடாது."

பொம்மைக்காரர் உள் அறை நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி விடவில்லை. மர வாத்தை முதலில் கேமராவைக் கையில் பிடித்தே ஒரு படம் எடுத்தாள். அதற்குப் பிறகுதான் கேமராவை ஸ்டாண்டில் மாட்டினாள். கண்ணை மறைக்கக் கேமரா இல்லாததால் வாத்து முழுசாகத் தெரிந்தது. அலகின் நிழல் கழுத்தில் விழுந்து அசிங்கமாக இருந்தது. வெள்ளை அட்டை ஒன்றை டப்பாவில் சாய்த்து வைத்து நிழலை விரட்டினாள். "ம்" என்றாள். உள்ளிருந்து நாத்தனார் அழுத்தினாள். அன்று முழுக்க "ம்" சொல்லிச் சொல்லியே அண்ணிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சாயங்காலம் பொம்மைக்காரர் போன பிறகு அண்ணி உள்ளே வந்து அன்றைய படங்களின் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றிலிருந்து நூற்று இருபத்தாறு வரை எதுவும் விட்டுப்போகவில்லை. முக்கால்வாசி பச்சை. முதல் படத்தில் வாத்துக்கு இரண்டு அலகு. அதன் மேல் சிவப்பு.

"இதைப் பார்த்தாரா?"

"பார்த்தார். ஆட்டமா இருக்கேன்னார். ஆமாங்க, அண்ணிக்குக் கை கொஞ்சம் ஆடுது, அடுத்ததைப் பாருங்கன்னேன்."

"பார்த்துட்டு?"

"அடுத்த வருஷக் கேட்லாக்குக்கும் அண்ணிதானேன்னு கேட்டார். ஆமான்னுட்டேன்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை மறைக்கவும் இல்லை. நாத்தனார் மவுசைப் பிடித்தாள்.

"முதல் படத்தை அழிச்சிடட்டுமா அண்ணி?"

"இருக்கட்டும்," என்றாள் அண்ணி. "நம்பர் விட்டுப்போகும்."