கால்கட்டு

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பேச்சு முழுக்கக் கால்களைப் பற்றியே இருந்தது. ஓர் ஆட்டின் கால், ஓர் அத்தையின் கால். எனக்கு ஏழு வயது. எது யாருடைய கால் என்பது சீக்கிரமே குழம்பிப்போயிற்று.

ஆட்டிலிருந்து தொடங்குகிறேன். பென்னலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த புறம்போக்கை ஏதோ கம்பெனிக்காக மதில் வைத்து வளைத்துவிட்டார்கள். கம்பெனி வரவில்லை, மதில் மட்டும் வந்தது. மேய இடமில்லாமல் எங்கள் ஆடுகள் கொட்டகையில் நின்று அம்மா ஊற்றிய கஞ்சித் தண்ணீரைக் குடித்து இளைத்தன. காது கறுத்த பெட்டை ஒன்று மட்டும் எங்கேயோ போய் வயிறு புடைக்கத் திரும்பி வந்தது. நாய் கடித்துவிடும், லாரியில் அடிபட்டுவிடும் என்று அம்மா புலம்பினாள்.

"ஓடுகாலி! ஒனக்குக் கால்கட்டு போட்டாத்தான் அடங்குவ" என்று அப்பா ஒரு துண்டு நீலக் கயிற்றால் அதன் முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். பாவம், அது தத்தித் தத்தி நடந்தது.

அதே வாரம் அத்தையும் அடங்கவில்லை. அப்பாவின் தங்கை அவள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. வடக்கே எங்கேயோ புது பிளான்ட் திறக்கிறார்களாம். அங்கே முதல் ஆளாகப் போய் லைனைத் தொடங்கிவைக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார்களாம். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, அத்தை கையைத் தூக்கிவிட்டாள்.

"பாஷ தெரியாத ஊர்ல போய் இன்னா பண்ணுவ? வேற ஒருத்தரும் போவலல்ல?" என்றார் அப்பா.

"ஒருத்தரும் போவலன்னுதாண்ணா நான் போறேன். நல்லா கீதா இல்லியான்னு யாராச்சும் போய்ப் பாத்தாத்தான தெரியும்?"

அப்பாவின் குரல் உயர்ந்தது. "ஓடுகாலி!" என்று கத்திவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "ஞாயித்துக்கெழம படப்பையிலேந்து வரச் சொல்லிட்டேன். ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாப் பூடும்."

நான் அத்தையின் கால்களைப் பார்த்தேன். கால்கட்டு என்றால் கல்யாணம் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கட்டிய காலோடு அத்தை கம்பெனி பஸ்ஸில் எப்படி ஏறுவாள்? அவளோ கவலையே இல்லாமல் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள், அதுவும் கால் நகத்துக்கு.

ஞாயிறன்று படப்பைக்காரர்கள் பூவும் பழமும் ஸ்வீட் டப்பாவுமாக வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா அசந்த நேரம் பார்த்து அவருடைய பைக்குள் கையை விட்டேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"இன்னா கண்ணு தேடுற?"

"கயிறு எங்க?"

வீடே சிரித்தது. "பாரேன், இப்பவே தாலிக்கயித்தக் கேக்குது! அது இன்னிக்கு இல்ல கண்ணு. அப்பறமா வந்து கழுத்துல கட்டுவோம்."

கழுத்திலா! நான் காலுக்கே பயந்துகொண்டிருந்தவள். எங்கள் தெருவில் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துப் போகும் ஆடு கறிக்கடைக்குத்தான் போகும். ஓவென்று அலறிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். அத்தையை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியவில்லை. என் கைக்கு எட்டிய கட்டு ஆட்டின் காலில் இருந்தது ஒன்றுதான். அதை அவிழ்த்துவிட்டேன்.

அது ஓட, மற்ற ஆடுகள் அதன் பின்னால் ஓட, அப்பா, அம்மா, பட்டுப்புடவையில் அத்தை, காபி டம்ளரோடு மாப்பிள்ளை என்று எல்லாரும் துரத்தினார்கள். காது கறுத்தது நேராக மதிலுக்குப் போய், மழைத்தண்ணீர் போவதற்காக அடியில் வைத்திருந்த சிமெண்ட் குழாய்க்குள் நுழைந்து மறைந்தது. மற்றவை குழாய் வாயில் தயங்கி நின்றன. அப்புறம் ஒன்று தலையை உள்ளே விட்டது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே போய்விட்டன. மாப்பிள்ளை என்னைத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் காட்டினார். யாரும் தொடாத புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. எங்கள் ஆடுகள் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தன.

"அது கெட்டிக்காரிங்க" என்று அப்பா படப்பைக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார். "அது ஒண்ணுதான் தெகிரியமாப் போய் வழி கண்டுபுடிச்சிகினு வந்துகீது."

"அப்ப அது ஓடுகாலி இல்லியாண்ணா?" என்றாள் அத்தை.

ஆட்டைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு ஏன் அப்பா அவ்வளவு நேரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார் என்றுதான் புரியவில்லை.

படப்பையில் வேண்டாம் என்றார்களா, அப்பாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாரா, எனக்கு யாரும் சொல்லவில்லை. அத்தை வடக்கே கிளம்பினாள். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, அத்தையின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பையின் ஜிப் பிய்ந்துபோயிற்று. அப்பா கொல்லைக்குப் போய், கொட்டகை ஆணியில் தொங்கிய அந்த நீலக் கயிற்றை எடுத்துவந்து, பையின் இரண்டு காதையும் சேர்த்துக் கட்டினார். ஆட்டுக்குப் போட்ட அதே முடிச்சு. அவர் கண் கலங்கியிருந்தது. அத்தை கயிற்றைப் பார்த்துச் சிரித்தாள், உடனே அழுதாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில் அப்பா அத்தைக்குக் கால்கட்டு போட்டுவிட்டாரா, அவிழ்த்துவிட்டாரா? அத்தையோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொஞ்சமும் தத்தாமல், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள்.