இடப்பக்க ஸலாம்

றபீக்காவுக்கு அலுப்புப் பிடித்து ஐந்து வருடம். கடல் பொங்கி வந்த அன்று பிடித்தது. பாழாய்ப்போன அலுப்பு ஒரு நாளாவது லீவு எடுத்ததில்லை. சாய்ந்தமருதுக் கரையில் வீடு போனது. ஆறு வயது மகள் ஸுஹைறாவும் போனாள். கணவன் நூஹு பிள்ளையை இடக்கையில்தான் பிடித்திருந்தான். தண்ணீர் வடிந்தபோது வெறுங்கை மட்டும் மிச்சம். அதன்பிறகு சோறு ஆறும்வரை அந்தக் கையையே பார்த்திருப்பான். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அழுததெல்லாம் றபீக்கா தனியாகத்தான்.

யுத்தம் முடிந்த இரண்டாம் மாதம் நூஹுவைப் பாரிசவாதம் அடித்தது. கைகால் ஒருவாறு திரும்பிற்று. கண்ணிலும் குறையில்லை. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மனிதனுக்கு நினைவில்லை. கோப்பையில் வலது பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, "சோறு காணா புள்ள" என்பான். றபீக்கா கோப்பையைத் திருப்பி வைப்பாள், மறுபாதியும் இறங்கும். தொழுகை முடிவில் முகத்தை வலப்பக்கம் திருப்பி ஸலாம் கொடுத்துவிட்டு, இடப்பக்க ஸலாத்துக்குத் திரும்பாமலே எழும்பிவிடுவான். "முதல் ஸலாத்தோட தொழுகை கூடிரும், குறையொண்டுமில்ல, கவலப்படாதீங்க" என்றார் பள்ளி மௌலவி.

கூடட்டும். றபீக்கா யாருக்கும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. அந்த இடக்கையையும் அவன் மறந்துவிட்டான். கடல் வந்த பிறகு இப்போதுதான் மனிதன் நிம்மதியாகத் தூங்குகிறான்.

அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஆராய்ச்சி ஒன்றுக்காகக் காரைதீவு டொக்டர் சுஜிந்தன் ஒரு பெட்டியோடு வந்தார். வயரையும் பெட்டரியையும் கண்டு செக்பொயின்டில் அரை மணித்தியாலம் மறித்துவிட்டார்களாம். யுத்தம் முடிந்ததை அங்கே நின்றவனுக்கு யாரும் சொல்லவில்லை போலும்!

"தலைக்குக் கரண்டா? அல்லாஹ்வே, மண்ட வெந்து போயிருமே!" என்று பதறினாள் றபீக்கா.

"வெட்டுறதுமில்ல, குத்துறதுமில்ல அக்கா. ரெண்டு ஈரப் பஞ்சு, சின்னப் பெட்டரி. லேசாக் கடிக்கும். இடப்பக்கத்தக் கவனிக்கச் சொல்லி மூளைய உசுப்பிப் பாக்கிறம். ஒப்பிட்டுப் பாக்கச் சில பேருக்குச் சும்மா வைக்கிறதுதான், கரண்ட் போகாது. ஆருக்கு எதெண்டு எனக்கும் தெரியாது. சுகமாகுமெண்டு சொல்லவும் மாட்டன். ஆனா வீட்டில கோப்பையத் திருப்பாதீங்க, அவரே தேடட்டும். நீங்களும் அவர்ர இடப்பக்கமே இருங்க."

கையெழுத்துப் போடப் பேனை கொடுத்தார்கள். இடப்பக்கம் வந்தால் அந்தக் கையும் வரும். தூங்குகிற மனிதனை எழுப்பி அழவைக்கவா? பேனையை வைத்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் முந்தின நாள்தான் றோட்டில் இடப்பக்கமாக வந்த லொறி ஒன்று அவனை மயிரிழையில் விட்டுப் போயிருந்தது. போட்டாள்.

பத்து நாள் பஞ்சு வைத்தார்கள். கோடு நிறைந்த தாளைக் கொடுத்து ஒவ்வொரு கோட்டையும் பேனையால் குறுக்கே வெட்டச் சொன்னார்கள், இடப்பக்கக் கோடுகளை விடுகிறானா என்று பார்க்க. வீட்டில் றபீக்கா கோப்பையைத் தொடவில்லை. "ஒரு புடிச் சோத்துக்கும் பஞ்சமா?" என்று நூஹு ஏசுவான். இடப்பக்கம் இருந்தவளை வலப்பக்கம் தேடி, "றபீக்கா எங்க?" என்பான். "இஞ்சதான் இரிக்கன்" என்று சொல்லிச் சொல்லியே நாக்குத் தேய்ந்தது.

பதினோராம் நாள் பின்னேரம், அஸர் தொழுகை. நூஹு கதிரையில் இருந்து தொழுவித்தான். பின்னால் இடப்புறமாக றபீக்கா. வலப்பக்கம் ஸலாம் கொடுத்தான். எழும்பவில்லை. துருப்பிடித்த கதவு போலத் தலை மெல்ல இடப்பக்கம் திரும்பிற்று. இரண்டாம் ஸலாமும் வந்தது. பார்வை இறங்கி மடியில் கிடந்த இடக்கையில் நின்றது. அதை வலக்கையால் தூக்கி விரல்களை விரித்துப் பார்த்தான்.

"உட்டுட்டன் புள்ள. நான்தான் உட்டுட்டன்."

பெட்டி செய்த வேலையா, திருப்பாத கோப்பை செய்த வேலையா, டொக்டருக்கே தெரியாது. றபீக்கா தன் ஸலாத்தை அவசரமாக முடித்து, அவன் இடப்பக்கம் வந்து அந்தக் கைக்குள் தன் கையை வைத்தாள்.

"நீ இஞ்சயா இருந்த?"

"ஓம். அண்டைக்கிருந்தே இஞ்சதான்."

இனி அவனுக்குத் தூக்கம் வராது என்று அவளுக்குத் தெரியும். வராவிட்டால் போகட்டும். ஸுஹைறாவுக்காக அழ இனி இரண்டு பேர் இருக்கிறார்கள்.