வேட்டைக்காரரின் கம்பளிப் பை

கிருசாந்தியின் ஒரு கை கம்பளியின் மடிப்பை அழுத்திப் பிடிக்க, மற்றக் கை ஊசியைக் குத்தி இழுத்தது. பன்னிரண்டாவது மரப் பொத்தான். ஜிப் வைத்தால் வேலை சுருக்கம். ஆனால் அதன் சத்தம் மானின் காதுக்கு எட்டிவிடும் என்று லோமான் முதல் நாளே சொல்லியிருந்தார்.

எழுபத்தொரு வயதான லோமான், ஹம்பேர்க்குக்குத் தெற்கே உள்ள காட்டில் வேட்டையாடுபவர். உயரப் பரணில் விடியற்காலையில் மணிக்கணக்காக அசையாமல் இருக்க வேண்டும். போன மாரிக் குளிரில் கால்விரல்கள் மரத்துப்போய், ஏணியால் இறங்க முடியாமல் தவித்தார். அதனால்தான் கால்களை உள்ளே விட்டு நெஞ்சுவரை மூடிக்கொள்ளும் பை ஒன்று கேட்டார். “இதற்குள்ளும் குளிர்ந்தால் வேட்டையை விட்டுவிடுவேன்” என்றார்.

“குளிராது” என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டார், தையற்கடை வைத்திருக்கும் கிருசாந்தி. அகதி விடுதியில் யாரோ கொடுத்த பழைய கோட்டைப் பிரித்துப் பிரித்துத் தைத்தே தொழில் பழகியவர். அவர் தைத்தால் உடம்போடு ஒட்டி நிற்கும் என்று ஊரெல்லாம் பேர்.

சோதித்துப் பார்க்காமல் எதையும் கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பலசரக்குக் கடைத் தபோதரனிடம் போனார்.

“அண்ணை, உங்கடை மீன் குளிரறைக்குள்ளை அரை மணித்தியாலம் இருக்கோணும்.”

“ஏன், வீட்டிலை சண்டையோ?”

“விசர்க்கதை கதையாமல் கதவைத் திறவுங்கோ. பூட்டிப்போடாதேங்கோ.”

“ஆரும் விளைமீன் கேட்டு வந்தால் உம்மையும் சேர்த்து நிறுத்துப்போடுவன். பிறகு குறை சொல்லக் கூடாது.”

மீன் பெட்டிகளுக்கு நடுவே கிருசாந்தி ஒரு முக்காலியைப் போட்டு, சப்பாத்தோடு பைக்குள் கால்களை விட்டு அசையாமல் இருந்தார். கால் மணி நேரத்தில் கால்விரல்கள் விறைத்தன. முழங்கால் மட்டும் சூடாகவே இருந்தது. அங்கே துணி தளர்ந்திருந்தது. பாதத்தில்தான் தன் வழக்கப்படி பிடித்துத் தைத்திருந்தார். கம்பளி நசுங்கி, சூடு தங்க இடமில்லாமல் போயிருந்தது.

“என்ன, சரிவந்ததோ?” என்றார் தபோதரன்.

“இல்லை அண்ணை. வடிவாத் தைச்சதுதான் பிழையாப் போச்சு.”

அன்று பின்னேரமே அடிப்பக்கத்தைப் பிரித்தார். இரு பக்கமும் நான்கு விரல் அகலத் துண்டு சேர்த்து, அடியில் தடித்த கம்பளியை இரண்டு மடிப்பாகப் போட்டார். மறுநாள் குளிரறையில் ஒரு மணித்தியாலம் முழுதாக இருந்தார். தபோதரன் எட்டிப் பார்த்தபோது, பைக்குள் கால்விரல்களை ஆட்டிக்கொண்டே தேத்தண்ணி கேட்டார்.

வெள்ளிக்கிழமை லோமான் வந்தார். சப்பாத்தோடு உள்ளே இறங்கி நின்று, “காலடியில் தொளதொளவென்று இருக்கிறதே” என்றார்.

“தெரிந்துதான் அப்படித் தைத்தேன். உங்கள் சூடு அங்கேதான் இருக்கப்போகிறது.”

லோமான் பொத்தான்களைப் பூட்டிக் கழற்றிப் பார்த்தார். சத்தமே இல்லை.

“எத்தனை மாரிக்கு உழைக்கும்?”

“பத்து. பிறகு கொண்டுவாருங்கள், பிரித்துத் தைக்கலாம்.”

லோமான் சிரித்தார். நாளை விடியவே பரணுக்கு ஏறுவதாகச் சொன்னார். கிருசாந்தி பையை நான்காக மடித்து, அவருடைய இரு கைகளிலும் வைத்தார்.