கரியில் எழுதிய அஞ்சலை

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. எதிர்ச் சுவரில் ஒரு படம். கரிக்கட்டையால் தீட்டியது. பிரெஞ்சு தேசத்து ஆட்டக்காரப் பெண்கள், குடை மாதிரி விரிந்த பாவாடையோடு, ஆடிக் களைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி குனிந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நம்ம அஞ்சலை இங்கே எப்படி வந்தாள் என்று திகைத்துப்போனேன். சிரிக்காதீர்கள், மருந்து விட்ட கண் அப்படித்தான்.

எங்கள் ஊரைப் பிரெஞ்சு வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. ஜூலைப் பதினாலு அவர்களுக்குப் பெரிய திருநாள். பாகூரில் தோரணம் கட்டி, எங்களைப் போன்ற பெண்களைக் கோலாட்டம் ஆட விடுவார்கள். அதற்காக ஏரிக்கரைத் தோப்பில் பழகுவோம். வெயிலில் காயும் ஏரிச் சேற்றின் வாசனை காற்றோடு வரும். பாட்டு நின்ற பிறகும் கோல் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரோடு போடும் துரையின் மனைவி அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்து படம் எழுதுவார். நாங்கள் ஆடும்போது அவர் கை சும்மா இருக்கும். களைத்துச் சாய்ந்தால்தான் கரி ஓடும். இது புரியாமல் நான் கோலைத் தூக்கிப் பிடித்தபடி கை கடுக்க நின்றேன். துரைசானி அம்மாள் திரும்பியும் பார்க்கவில்லை. கூந்தல் அவிழ்ந்து, கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த என் தோழி அஞ்சலையைத்தான் எழுதினார்.

அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, நானா இது?" என்று என் கையைக் கிள்ளினாள். அவ்வளவு சந்தோஷம்.

அதற்குள் அவள் அம்மா வந்துவிட்டார். பண்டசோழநல்லூரில் மகளுக்குச் சம்பந்தம் பேசி, தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. முகத்தில் கரி என்றால் எங்கள் பக்கம் மானம் போனதாகத்தான் அர்த்தம்.

"ஐயோ, எம் பொண்ணு மூஞ்சில கரியப் பூசிட்டாளே! மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா இன்னாடி ஆவும்?"

முந்தானையை எச்சிலில் நனைத்து, தாளில் இருந்த முகத்தை அழுத்தித் துடைத்தார். துரைசானி ஒன்றும் விளங்காமல் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

கலியாணம் தடையில்லாமல் நடந்தது. தலைப்பிரசவத்தில் அஞ்சலை போய்விட்டாள். பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் படம் என்று வீட்டில் ஒன்றும் கிடையாது, எங்கள் தெருவில் யாருக்குத்தான் இருந்தது? ஒருநாள் அவள் அம்மா என்னைத் தேடி வந்தார்.

"அந்தத் தொரைசானி எங்க இருக்குன்னு தெரியுமாடி? எம் பொண்ணு மூஞ்சி அதுக்கு ஞாபகம் இருக்கும். மறுபடியும் எழுதித் தருமா?"

துரை குடும்பம் எப்போதோ கப்பல் ஏறியிருந்தது. பிறகு வெள்ளைக்காரனும் போனான், பாகூரில் அந்தக் கோலாட்டமும் நின்றது, தோப்பு வீடுகளாகிவிட்டது. அஞ்சலையின் அம்மாவும் போய்விட்டார். அஞ்சலையின் முகத்தைப் பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கும் இப்போது அது சரியாக நினைவில்லை.