இருபத்தோராவது வளையல்

சென்ற வாரம் வரை என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்புக் கண்ணாடி வளையல் இருந்தது. அதைப் பற்றி எழுதுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் அண்ணியின் கடைசி நாள்களை எங்கள் உறவினர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்; சொல்பவரைத் தவிர மற்ற எல்லாரும் அதில் தவறு செய்தவர்கள். ஆகவே நான் கண்டதையும், கேட்டதையும், என் கையால் செய்ததையும், மருத்துவமனைச் சீட்டில் உள்ளதையும் மட்டுமே இங்கே தருகிறேன்.

பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணிக்கு ஏழாம் மாத வளைகாப்பு நடந்தது. நாத்தனார் என்ற முறையில் வளையல் அடுக்கும் உரிமை எனக்கு. வளையல்கார பாய் பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தார். முந்தைய மாதமே அண்ணியின் கையை அளந்து போனவர், பிள்ளை பிறக்கும்வரை கழற்றாத வளையல் என்பதால் ஓர் அளவு பெரியதாகவே கொண்டுவந்திருந்தார். "தலை தெறிக்குதும்மா, கண்ணு முன்னால பூச்சி பூச்சியா பறக்குது" என்று அண்ணி காலையிலேயே என்னிடம் சொன்னார். வெயிலும் கூட்டமும் செய்த வேலை என்று எண்ணி மோர் கொடுத்தேன்.

முதல் வளையலே பெருவிரல் மூட்டில் நின்றுவிட்டது. பாய் அண்ணியின் புறங்கையை விரலால் மெல்ல அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"இன்னாம்மா, போன மாசம் நான் அளந்த கையா இது? உப்பிகினு கீதே. டாக்டராண்ட காட்டுங்கம்மா."

"ஏன் பாய், சின்னதா கொண்ணாந்துட்டு எங்க பொண்ணு கைய குத்தம் சொல்றியா?" என்றார் பெரியம்மா. கூடமே சிரித்தது.

நானும் விடவில்லை. "அண்ணி, அஞ்சு வகை சோத்தையும் நீங்களே துன்னுட்டீங்களா?"

அண்ணியும் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. "இருவது வருசமா கை பாக்குறவன்மா நானு..." என்று தொடங்கி, முடிக்காமல் பெட்டியை மூடினார்.

சோப்பு நுரை குழைத்து வளையல்களை ஏற்றியவள் நான். இருபத்தொன்று போட வேண்டும், இருபதுதான் ஏறின. ஒற்றைப்படையில் முடியாதது தெரிந்தால் பெரியவர்கள் முகம் வாடும் என்று எஞ்சிய ஒன்றை என் கைப்பையில் மறைத்தேன். என் அச்சம் அந்த ஒரு வளையலைப் பற்றியதாகவே இருந்தது.

மூன்றாம் நாள் காலை, அடுப்படியில் நின்றிருந்த அண்ணிக்கு வலிப்பு வந்தது. மருத்துவமனையில் ஊசி ஏற்ற இடமில்லாததால் செவிலியர் ஒருவர் பஞ்சுத்துணியைச் சுற்றி வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்தார். துணிக்குள் நொறுங்கும் ஓசையை இருபது முறை கேட்டேன். சதையில் சிவந்த கோடுகள் பதிந்திருந்தன. "இவ்ளோ டைட்டா யாரும்மா போட்டு உட்டது?" என்று அவர் கேட்டார்.

சீட்டில் உள்ளது இது: கர்ப்பகால இரத்தக் கொதிப்பு மிகுதி, அதனால் கை வீக்கம், வலிப்பு, முப்பத்தோராம் வாரம், அறுவை, பெண் குழந்தை, எடை ஒரு கிலோ இருநூறு. அண்ணி கண் விழிக்கவில்லை. மறுநாள் பிற்பகல் இறந்தார். குழந்தை நாற்பத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து வீட்டுக்கு வந்தது.

அந்தக் குழந்தைக்கு இப்போது பதின்மூன்று வயது. சென்ற வாரம் கத்தரிக்கோல் தேடி இழுப்பறையைத் திறந்தவள் வளையலைப் பார்த்து, யாருடையது என்றாள். உன் அம்மாவுக்கு வாங்கியது என்றேன். கையில் மாட்டினாள், அது முழங்கை வரை வழுக்கி ஓடியது.

"இன்னா அத்தை, அம்மா கை இவ்ளோ பெருசா?"

"இல்லம்மா. சின்னக் கைதான்."

"அப்போ இது?"

பாய் சொன்னதையும், நாங்கள் சிரித்ததையும், சோப்பு நுரையையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. வளையலைக் கழற்றாமலே எழுந்து போனாள்.

பாய் சொன்ன அன்றே மருத்துவரிடம் போயிருந்தால் அண்ணி பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. இழுப்பறையில் இப்போது வளையல் இல்லை. அவள் அதை வைத்திருக்கிறாளா, உடைத்துவிட்டாளா என்பதும் தெரியாது.